வீட்டுக் கணினிக்குப் படத் திருத்த மென்பொருள்: ஒன்றே போதுமா?

#1 · ஜன்னல்வெயில்

எல்லோருக்கும் வணக்கம். இதுவரை படிக்க மட்டுமே வந்துபோனவன். கேள்வி கேட்பது இதுதான் முதல் தடவை.

வீட்டுக் கணினியில் ஏறக்குறைய 14,000 படங்கள் சேர்ந்துவிட்டன. முக்கால்வாசி போனில் எடுத்தவை. மீதி, போன வருடம் கைமாறி வந்த ஒரு பழைய டிஎஸ்எல்ஆரில் எடுத்தவை. அதில் ராவாகவும் (கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பாகவும்) எடுக்கலாம் என்று இப்போதுதான் தெரிந்தது. இது போதாதென்று அப்பா ஒரு செருப்புப் பெட்டி நிறையப் பழைய ப்ரிண்டுகளைக் கொண்டுவந்து வைத்து, "எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல ஏத்தி சரிபண்ணிடு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். இருநூறு இருக்கும். சில மடிந்தவை, சில ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டவை.

கணினி: விண்டோஸ், 8 ஜிபி ராம், தனி கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது.

"டாப் 10" பட்டியல்களைப் படித்துத் தலை சுற்றியதுதான் மிச்சம். ஒன்றில் முதலிடத்தில் இருப்பது இன்னொன்றில் கண்ணிலேயே படவில்லை. ஒரே மென்பொருளைப் போட்டு, அதையே ஒழுங்காகக் கற்றுக்கொள்ள ஆசை. எதைப் போடலாம்?

#2 · சும்மாபார்ப்பவன்

போட்டோஷாப். அடுத்த கேள்வி?

#3 · நிழல்காரர்

ஜன்னல்வெயில், மென்பொருள் இருக்கட்டும். போன ஒரு மாதத்தில் படங்களை வைத்துக்கொண்டு நீங்கள் என்னென்ன செய்தீர்கள்? செய்ய ஆசைப்பட்டதை விடுங்கள், கையால் செய்ததை மட்டும் சொல்லுங்கள்.

#4 · ஜன்னல்வெயில்

யோசித்துப் பார்த்தால் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது. சாய்ந்த படங்களை நிமிர்த்தினேன். ஓரங்களை வெட்டினேன். இருட்டாக இருந்தவற்றை வெளிச்சமாக்கினேன். ஒரே ஒரு படத்தைத் தேடி ஒரு சாயங்காலம் முழுக்கப் போனது, கடைசியில் கிடைக்கவும் இல்லை. பின்னணியை மாற்றுவது, வேறு வானம் ஒட்டுவது, அதெல்லாம் செய்ததில்லை, செய்யும் ஆசையும் இல்லை. பழைய படங்களில் மடிப்பையும் புள்ளிகளையும் எடுக்க வேண்டும், அது மட்டும் நிச்சயம்.

#5 · நிழல்காரர்

அப்படியானால் உங்களுக்கு மூன்று வேலைகள் இருக்கின்றன. தேடிப் பிடிப்பது, மொத்தமாகத் திருத்துவது, ஒரு படத்தோடு உட்கார்ந்து நுணுக்கமாகச் சரிசெய்வது. மூன்றுக்கும் ஒரே மென்பொருள்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால், மூன்றையும் அரைகுறையாகச் செய்யும் ஒன்றில்தான் போய் நிற்பீர்கள். பழையலென்ஸ் இந்தப் பக்கம் வந்தால் விவரமாகச் சொல்வார்.

#6 · பழையலென்ஸ்

வந்துவிட்டேன். கொஞ்சம் நீளமாகத்தான் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த மென்பொருள்களில் இரண்டு குடும்பங்கள் உண்டு. போட்டோஷாப், கிம்ப், அஃபினிட்டி, பெயிண்ட் டாட் நெட் எல்லாம் முதல் குடும்பம். இவை படத்தின் புள்ளிகளிலேயே கை வைப்பவை. ப்ரஷ், லேயர் (ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கும் அடுக்கு), மாஸ்க் (ஒரு பகுதியை மட்டும் மறைக்கும் திரை) எல்லாம் இங்கேதான். மடிப்பை எடுப்பது, கறையை அழிப்பது இந்தக் குடும்பத்தின் வேலை.

லைட்ரூம், டார்க்டேபிள், ரா தெரபி ஆகியவை இரண்டாவது குடும்பம். இவை அசல் கோப்பை ஃபிலிம் நெகட்டிவ் மாதிரி நடத்துகின்றன, தொடுவதே இல்லை. "வெளிச்சத்தை இவ்வளவு ஏற்று, இந்த ஓரத்தை வெட்டு, நிறத்தை இந்தப் பக்கம் நகர்த்து" என்று ஒரு குறிப்பை மட்டும் எழுதி வைத்துக்கொள்கின்றன. நீங்கள் எக்ஸ்போர்ட் கொடுக்கும்போதுதான் அந்தக் குறிப்பின்படி புதிய படம் ஒன்று பிறக்கும். ஒரே அறையில் ஒரே வெளிச்சத்தில் எடுத்த 80 படங்கள் இருந்தால், ஒன்றைச் சரிசெய்து அந்தக் குறிப்பை மற்ற 79-க்கும் ஒட்டிவிடலாம். முதல் குடும்பத்தில் இதே வேலையைச் செய்யப் போனால் விடிந்துவிடும்.

ரா எடுக்கத் தொடங்கினால் இரண்டாவது குடும்பம் இல்லாமல் முடியாது. படத்தை அமுக்கிச் சேமிக்கும் ஜேபெக் வடிவத்தில் ஒரு நிறத்துக்கு 8 பிட், அதாவது 256 படிகள்தான். ராவில் பெரும்பாலும் 12 அல்லது 14 பிட். 12 என்றால் 4,096 படிகள், 14 என்றால் 16,384. ஜன்னலுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் ஒருவரைப் படம் எடுத்துப் பாருங்கள். வெளியே சரியாக வந்திருக்கும், முகம் கரியாக இருக்கும். ஜேபெக்கில் அந்த முகத்தை வெளிச்சமாக்கினால் கன்னத்தில் திட்டுத் திட்டாகப் பச்சையும் சிவப்பும் கிளம்பும். அந்த இருட்டுக்குள் சில படிகளே இருந்தன, அவற்றை இழுத்து நீட்டினால் இடைவெளிதான் தெரியும். ராவில் அதே இருட்டுக்குள் நிறையப் படிகள் ஒளிந்திருப்பதால் முகம் முகமாகவே மேலே வரும், கொஞ்சம் மணல் தூவினது போல் இரைச்சலோடு.

நிறமும் அப்படித்தான். குண்டு பல்பின் கீழ் எடுத்த மஞ்சள் படத்தை ராவில் ஒரே ஸ்லைடரில் சரிசெய்யலாம். ஜேபெக்கில் அந்த மஞ்சள் ஏற்கெனவே வெந்து கலந்துவிட்டது, பிரித்தெடுக்கப் போராட வேண்டும்.

ஆனால் உங்கள் 14,000-இல் முக்கால்வாசி போன் ஜேபெக். அவற்றுக்கு உலகத்திலேயே பெரிய மென்பொருளைக் கொண்டுவந்தாலும் இல்லாத விவரம் வராது. அதனால் அவற்றில் அளவோடு திருத்துங்கள். இன்னொன்று, ஜேபெக்கைத் திறந்து, திருத்தி, அதே பெயரில் சேவ் செய்யாதீர்கள். ஒவ்வொரு சேவிலும் மறுபடி அமுக்கப்பட்டுக் கொஞ்சம் விவரம் போகும். அசல் எப்போதும் தனியாக இருக்கட்டும்.

#7 · சும்மாபார்ப்பவன்

ஒரு வரியில் பதில் சொன்னதற்கு மன்னிக்கவும், ஆனால் கருத்தை மாற்றவில்லை. போட்டோஷாப் வந்தது 1990-இல், லேயர் வந்தது 1994-இல். இத்தனை வருடத்தில் சேர்ந்த பாடங்களும் வீடியோக்களும் வேறு எதற்கும் இல்லை. எந்தச் சந்தேகம் வந்தாலும் ஒரு நிமிடத்தில் பதில் கிடைக்கும். புதிதாகக் கற்றுக்கொள்கிறவருக்கு இது சின்ன விஷயமா?

#8 · நிழல்காரர்

சின்ன விஷயம் இல்லைதான். ஆனால் 2013-இலிருந்து புதிய போட்டோஷாப் சந்தாவில் மட்டுமே. மாதத்துக்கு நாலு படம் நிமிர்த்துகிறவர் அதற்காக வருடக்கணக்கில் கட்டிக்கொண்டே இருக்க வேண்டுமா? இதையே தொழிலாகச் செய்கிறவருக்கு நான் இப்படிச் சொல்ல மாட்டேன்.

#9 · சும்மாபார்ப்பவன்

அதனால்தான் போட்டோஷாப்பின் எளிய பதிப்பான எலிமென்ட்ஸ் இருக்கிறது. சந்தா இல்லை.

#10 · நிழல்காரர்

2025 பதிப்பிலிருந்து அதன் உரிமம் மூன்று வருடத்துக்குத்தான். வாங்கும் முன் அந்தப் பொடி எழுத்தைப் படித்துவிடுங்கள்.

#11 · கிறுக்கல்

கிம்ப் பற்றி இன்னும் யாரும் பேசவில்லையே, அதனால் நான்.

1995-இல் இரண்டு பல்கலைக்கழக மாணவர்கள் தொடங்கியது. இலவசம், மூலநிரல் திறந்தது, பழைய கணினியிலும் ஓடும். நான் பன்னிரண்டு வருடமாக இதைத்தான் பயன்படுத்துகிறேன். "இலவசம்தானே, சுமாராகத்தான் இருக்கும்" என்று நினைப்பவர்கள் ஒரு தடவை 3.0 பதிப்பைத் திறந்து பார்க்க வேண்டும். 2025 மார்ச்சில் வந்தது. அதற்கு முன்புவரை ஒரு ஃபில்டரைப் போட்டால் போட்டதுதான். மாற்ற வேண்டுமென்றால் அன்டூ செய்துகொண்டே பின்னால் போக வேண்டும். இப்போது ஃபில்டர் லேயரோடு ஒட்டிக்கொண்டே இருக்கும், நாளைக்குத் திறந்தும் அளவை மாற்றலாம், வேண்டாமென்றால் அணைத்து வைக்கலாம்.

புதிதாக வருகிறவர்கள் தடுக்கி விழும் இரண்டு இடங்களைச் சொல்லிவிடுகிறேன்.

முதலாவது, சேவ். கிம்ப்பில் சேவ் கொடுத்தால் அதன் சொந்த வடிவமான எக்ஸ்சிஎஃப் கோப்பாகத்தான் போகும். லேயர்கள் எல்லாம் அதில் பத்திரமாக இருக்கும், ஆனால் அதை யாருக்கு அனுப்பினாலும் "திறக்கவில்லையே" என்பார்கள். ஜேபெக் வேண்டுமென்றால் எக்ஸ்போர்ட் கொடுக்க வேண்டும். முதல் வாரம் எரிச்சலாக இருக்கும். அப்புறம் இது நல்லதற்குத்தான் என்று புரியும்: வேலை செய்யும் கோப்பு வேறு, வெளியே கொடுக்கும் கோப்பு வேறு.

இரண்டாவது, கிம்ப் ராவைத் தானாகத் திறக்காது. டார்க்டேபிளோ ரா தெரபியோ கணினியில் இருந்தால், ராவை முதலில் அங்கே அனுப்பி, அங்கே பக்குவப்படுத்தியதை இங்கே வாங்கிக்கொள்ளும். ஆக ரா எடுப்பீர்கள் என்றால் எப்படியும் இரண்டு மென்பொருள்.

#12 · ஜன்னல்வெயில்

இவ்வளவு பேர் இவ்வளவு பொறுமையாகப் பதில் எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. நன்றி.

ஒரு நண்பர் "எதற்கு இந்த ஆராய்ச்சி? காசு கட்டாமல் பூட்டை உடைத்த கிராக் பதிப்பு என்னிடம் இருக்கிறது, பென் டிரைவில் தருகிறேன்" என்கிறார். சரி தவறு ஒரு பக்கம் இருக்கட்டும், நடைமுறையில் அது எப்படி?

#13 · எறும்பு

நடைமுறையில் எப்படி என்று நான் சொல்கிறேன், அனுபவம் இருக்கிறது. அப்படி ஒரு மென்பொருளை நிறுவும்போது "ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு நிறுவவும்" என்று கூடவே ஒரு சின்ன டெக்ஸ்ட் கோப்பு இருந்தது. அணைத்தேன். அந்த வரியிலேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். பத்து நாள் ஒன்றும் இல்லை. பதினோராம் நாள் எல்லாப் படங்களின் பெயருக்குப் பின்னாலும் புரியாத ஒரு நீட்சி ஒட்டியிருந்தது, எதுவும் திறக்கவில்லை. வெளியே ஒரு ஹார்டு டிஸ்கில் பாதி பேக்கப் இருந்தது. மீதிப் பாதி போனது போனதுதான்.

நல்ல இலவச மென்பொருள்கள் இத்தனை இருக்கும்போது அந்தப் பென் டிரைவ் தேவையா?

#14 · சும்மாபார்ப்பவன்

இதில் எறும்பு சொல்வதுதான் சரி. நானும் கிராக்கைச் சொல்லவில்லை.

#15 · ஒளிமானி

8 ஜிபி ராம் பற்றி யாரும் கணக்குப் போடவில்லை, நான் போடுகிறேன்.

24 மெகாபிக்சல் படம் என்றால் 6000 × 4000 புள்ளிகள். ஒரு புள்ளிக்கு மூன்று நிறம், நிறத்துக்கு ஒரு பைட். அப்படியானால் வட்டில் 8 எம்பி ஜேபெக்காக இருக்கும் படம் நினைவகத்தில் திறந்ததும் 72 எம்பி. 16 பிட்டில் வேலை செய்தால் 144 எம்பி. ஒரு லேயரை டூப்ளிகேட் செய்தால் இன்னொரு 144. அன்டூவுக்காக வைத்திருக்கும் பழைய நிலைகள் வேறு. டார்க்டேபிள் உள்ளுக்குள் ஒரு புள்ளிக்கு நான்கு எண்கள், எண்ணுக்கு 32 பிட் என்று கணக்குப் போடுவதால் ஒரே படம் 384 எம்பி ஆகிவிடும்.

இதைச் சொல்வது பயமுறுத்துவதற்காக இல்லை. 8 ஜிபியில் எல்லாமே ஓடும், பிரவுசரில் முப்பது டேப்களைத் திறந்து வைத்துக்கொண்டு ஓட்டினால் தவிர. தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாததால் டார்க்டேபிளில் இரைச்சல் நீக்குவது மாதிரி கனமான வேலைகளில் ஸ்லைடரை நகர்த்திவிட்டுக் கொஞ்சம் காத்திருக்க வேண்டியிருக்கும். ஆகவே அந்த வேலையைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

டார்க்டேபிளா ரா தெரபியா? இரண்டும் இலவசம், இரண்டும் நல்லவை. டார்க்டேபிள் விண்டோஸுக்கு 2017 கடைசியில்தான் வந்தது, ஆனால் இன்று அதில் இல்லாததே கிடையாது. அதுதான் சிக்கலும். ஒரே வெளிச்சத்தை மாற்ற நாலைந்து மாட்யூல்கள் (தனித்தனிக் கருவிகள்) இருக்கும், எதை எடுப்பது என்று தெரியாமல் விழிப்பீர்கள். எக்ஸ்போஷர் (வெளிச்சம்), வெள்ளைச் சமநிலை (மஞ்சள், நீலச் சாயலைச் சரிசெய்வது), வெட்டு, சிக்மாய்டு (வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள வேறுபாட்டைச் சீராக்குவது), இந்த நான்கைத் தவிர வேறு எதையும் முதல் மாதம் தொடாதீர்கள். முகத்தை மட்டும், வானத்தை மட்டும் என்று மாஸ்க் போட்டுத் திருத்த டார்க்டேபிள்தான் வசதி. முழுப் படத்தையும் ஒரே சீராகத் திருத்தினால் போதும் என்பவருக்கு ரா தெரபி எளிதில் பழகும்.

#16 · எறும்பு

கிராக் கதையைச் சொல்லி முடித்ததும் இன்னொரு கதை நினைவுக்கு வந்தது. இதுவும் நான் பட்டதுதான்.

பழையலென்ஸ் சொன்னாரே, "குறிப்பை எழுதி வைத்துக்கொள்கின்றன" என்று. அந்தக் குறிப்பு எங்கே இருக்கிறது என்று கேட்டுவிட்டுத்தான் ஒரு மென்பொருளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நான் கேட்கவில்லை. மூன்று வருடம் ஒரு மென்பொருளில் திருத்தினேன், நட்சத்திரம் போட்டேன், பெயர் குறித்தேன். எல்லாம் அதன் கேட்டலாக் என்ற ஒரே கோப்புக்குள் போய்க்கொண்டிருந்தது. கணினியை மாற்றும்போது படங்கள் இருந்த ஃபோல்டர்களை மட்டும் அக்கறையாகக் காப்பி எடுத்தேன். புதுக் கணினியில் திறந்தால் படங்கள் எல்லாம் அன்று எடுத்தபடியே, பிறந்த குழந்தை மாதிரி நிற்கின்றன. மூன்று வருட வேலை பழைய டிஸ்கோடு போயிற்று. மென்பொருளைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை, எனக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

டார்க்டேபிள் ஒவ்வொரு படத்துக்கும் பக்கத்திலேயே எக்ஸ்எம்பி என்று ஒரு குட்டிக் கோப்பை வைக்கும். ரா தெரபி பிபி3 என்று வைக்கும். படத்தோடு அதையும் சேர்த்துக் காப்பி எடுத்தால் திருத்தமும் கூடவே வந்துவிடும். லைட்ரூம் கிளாசிக்கில் எல்லாம் கேட்டலாக்கில் இருக்கும். செட்டிங்கில் போய்ச் சொன்னால் எக்ஸ்எம்பியும் எழுதும். ஆனால் ஒன்று எழுதிய திருத்தக் குறிப்பை இன்னொன்றால் அப்படியே நிறைவேற்ற முடியாது. நட்சத்திரம், பெயர், குறிச்சொல் மாதிரியானவை கடந்து போகும், வெளிச்சமும் நிறமும் போகாது. அதனால் நன்றாக வந்த படங்களை அவ்வப்போது முழு அளவில் எக்ஸ்போர்ட் செய்து தனி ஃபோல்டரில் போடுங்கள்.

மென்பொருளும் நிரந்தரம் இல்லை. படங்களை அடுக்கி வைக்கும் பிகாசாவை எத்தனை வீடுகளில் நம்பியிருந்தார்கள்! 2016-இல் கூகுள் நிறுத்திவிட்டது. ஆப்பிளின் படத் திருத்த மென்பொருளான அபர்ச்சரும் அதற்கு முந்தைய வருடம் விற்பனையிலிருந்து போய்விட்டது.

#17 · நிழல்காரர்

லைட்ரூம் கிளாசிக் பற்றி ஒன்று சேர்க்கிறேன். சந்தா முடிந்தாலும் படங்களைப் பார்க்கலாம், எக்ஸ்போர்ட் செய்யலாம். திருத்தும் இடமான டெவலப் மாதிரி சில பகுதிகள் மட்டும் பூட்டிக்கொள்ளும். அதாவது நீங்கள் செய்ததை வெளியே எடுக்கலாம், மேற்கொண்டு கை வைக்க முடியாது. சிலர் சொல்கிற அளவுக்கு அது மோசம் இல்லை.

#18 · மூலைவிளக்கு

எதையும் நிறுவ வேண்டாம் என்றால் ஃபோட்டோபீ இருக்கிறது. பிரவுசரிலேயே ஓடும், பார்க்கப் போட்டோஷாப் மாதிரியே இருக்கும், போட்டோஷாப்பின் சொந்தக் கோப்பான பிஎஸ்டியையும் திறக்கும். படம் யார் சர்வருக்கும் போவதில்லை, உங்கள் கணினியிலேயே வேலை நடக்கும். அவசரத்துக்கு நல்லது.

அஃபினிட்டியும் பாருங்கள். முன்பு ஒரே தடவை காசு கொடுத்து வாங்குவதாக இருந்தது. 2024-இல் கேன்வா அதை வாங்கியது, 2025 அக்டோபரில் இலவசமாக்கிவிட்டது. கணக்கு ஒன்று தொடங்க வேண்டும், அவ்வளவுதான். கிம்ப்பைவிடக் கைக்கு வசதி என்பது என் கருத்து.

#19 · கிறுக்கல்

இன்று இலவசம். நாளை? கிம்ப் முப்பது வருடமாக இலவசம்.

#20 · மூலைவிளக்கு

அதுவும் நியாயம்தான். அதில் வேலை செய்தால் முடித்ததை டிஃப்பாக (விவரம் போகாமல் சேமிக்கும், பல மென்பொருள்கள் திறக்கும் பட வடிவம்) ஒன்று வெளியே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

#21 · வால்நட்சத்திரம்

யாராவது ஏஐயைச் சொல்வீர்கள் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். பழைய படத்தை ஏற்றி ஒரு பொத்தானை அமுக்கினால் மடிப்பு, புள்ளி, மங்கல் எல்லாம் அரை நிமிடத்தில் போய்விடுகிறது. இருநூறு படத்தையும் கையால் தேய்த்துக்கொண்டு உட்கார வேண்டுமா?

#22 · பழையலென்ஸ்

கீறலையும் தூசியையும் எடுக்க அது பயன்படும், இல்லை என்று சொல்ல மாட்டேன். முகத்தைத் "தெளிவாக்கு" என்று மட்டும் சொல்லாதீர்கள். குண்டூசித் தலை அளவு இருக்கும் ஒரு முகத்தில் கண் இமை எப்படி இருந்தது என்று அந்தப் படத்தில் பதிவே ஆகவில்லை. ஏஐ தான் பார்த்த ஆயிரமாயிரம் முகங்களிலிருந்து ஒரு கண் இமையை எடுத்து வைக்கும். அழகாக இருக்கும், தெளிவாக இருக்கும், ஆனால் அது உங்கள் தாத்தா இல்லை, அவர் சாயலில் யாரோ ஒருவர். பத்து வருடம் கழித்து வீட்டில் இருப்பவர்களுக்கு அந்த யாரோ ஒருவர்தான் தாத்தா.

ஸ்கேன் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சாதாரண 4 × 6 அங்குல ப்ரிண்டுக்கு 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) போதும். 2400 × 3600 புள்ளிகள் கிடைக்கும். 300 டிபிஐயில் ப்ரிண்ட் போட்டால் 8 × 12 அங்குலம், அதாவது நீளத்திலும் அகலத்திலும் இரண்டு மடங்கு. 1200 வைத்தால் கோப்புதான் வீங்கும், காகிதத்தின் சொரசொரப்புதான் இன்னும் துல்லியமாக வரும். டிஃப்பாகச் சேமியுங்கள். ஸ்கேனரில் இருக்கும் தானியங்கித் திருத்தங்களை எல்லாம் அணையுங்கள். ஒட்டிக்கொண்ட படங்களைப் பிய்க்காதீர்கள். அப்படியே ஸ்கேன் செய்துவிட்டு அப்புறம் யோசிக்கலாம்.

#23 · ஒளிமானி

தேடும் வேலைக்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லையே. படங்களை ஒழுங்குபடுத்தும் டிஜிகேம் பாருங்கள், இலவசம். ஒரே மாதிரி இருக்கும் இரட்டைப் படங்களைக் கண்டுபிடித்துக் கொடுக்கும், முகத்தை வைத்துப் பிரிக்கும், எல்லாம் உங்கள் கணினிக்குள்ளேயே. 14,000-இல் எத்தனை இரட்டை என்று தெரிந்தால் அதிர்ச்சி அடைவீர்கள்.

#24 · ஜன்னல்வெயில்

மூன்று வாரம் கழித்து வருகிறேன். சும்மா இருக்கவில்லை.

முதலில் எறும்பு புண்ணியத்தில் எல்லாவற்றையும் ஒரு தனி டிஸ்கில் காப்பி எடுத்தேன். டிஜிகேமை ஓட்டியதில் 2,300-க்கும் மேல் இரட்டைப் படங்கள். போனை மாற்றும் ஒவ்வொரு தடவையும் எல்லாவற்றையும் திரும்பத் திரும்பக் கொட்டியிருக்கிறேன் போல. அன்று ஒரு சாயங்காலம் தேடிய படமும் கிடைத்தது, "புதிய ஃபோல்டர் (4)"-க்குள்.

டார்க்டேபிளில் ஒளிமானி சொன்ன நான்கு மாட்யூல்களோடு நிறுத்திக்கொண்டேன். ஐந்தாவதைத் தொட்ட அன்று இரண்டு மணி நேரம் காணாமல் போனது.

சொல்ல வந்தது பழைய படம் பற்றி. பெட்டியில் தாத்தாவும் பாட்டியும் நிற்கும் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் இருந்தது. குறுக்காக ஒரு மடிப்பு, சரியாகத் தாத்தாவின் மூக்குக்கண்ணாடிக்கும் காதுக்கும் நடுவே. கிம்ப்பில் திறந்து, ஹீல் கருவியை எடுத்து மடிப்பு நெடுகத் தடவினேன். சட்டையிலும் சுவரிலும் மாயமாக மறைந்தது. கண்ணாடியின் கம்பிக்கு வந்ததும் கன்னத்தில் கறுப்பு இழுத்துக்கொண்டு, காதிலிருந்து மை ஒழுகுவது மாதிரி ஆகிவிட்டது. எவ்வளவு சின்ன ப்ரஷ் வைத்தாலும் அப்படியே. என்ன தப்பு செய்கிறேன்?

#25 · கிறுக்கல்

ஹீல் செய்வது என்னவென்றால், எடுக்கும் இடத்தின் இழைநயத்தை வைத்துக்கொண்டு, வைக்கும் இடத்தின் வெளிச்சத்தோடு அதைக் கலக்கும். தோல், சுவர், வானம் மாதிரி சீரான இடத்தில் அது கச்சிதம். கறுப்புக் கம்பி பக்கத்தில் இருந்தால் அந்தக் கறுப்பையும் சேர்த்துக் கலக்கிவிடும். அந்த இடத்தில் குளோன் எடுங்கள், அது கலக்காமல் அப்படியே பெயர்த்து வைக்கும். படத்தை 200 சதவீதத்துக்குப் பெரிதாக்கி, ப்ரஷ்ஷின் ஓரத்தைக் கொஞ்சம் கடினமாக்கி, கம்பி நல்லபடியாக இருக்கும் இடத்திலிருந்து எடுத்து, உடைந்த இடத்தில் வையுங்கள். கம்பி முழுசானதும் அதற்கு மேலும் கீழும் இருக்கும் தோலை ஹீலால் தடவுங்கள். ஆனால் கம்பியைத் தொடாமல்.

முக்கியமான கேள்வி: பின்னணி லேயரிலேயே நேராகச் செய்கிறீர்களா?

#26 · ஜன்னல்வெயில்

ஆமாம்.

#27 · கிறுக்கல்

அதை முதலில் நிறுத்துங்கள். லேயரை டூப்ளிகேட் செய்து மேலே இருப்பதில் மட்டும் வேலை செய்யுங்கள். முடித்ததும் அதற்கு ஒரு வெள்ளை மாஸ்க் போடுங்கள். எங்கேயாவது அதிகமாகச் செய்துவிட்டீர்கள் என்று தோன்றினால் மாஸ்க்கில் கறுப்பால் தடவினால் போதும், அந்த இடத்தில் மட்டும் கீழே இருக்கும் அசல் தெரியும். எக்ஸ்சிஎஃப்பாகச் சேவ் செய்து வைத்தால் அடுத்த வருடம்கூட இதைச் செய்யலாம்.

#28 · ஜன்னல்வெயில்

வந்துவிட்டது! கம்பியை நான்கு தவணையாகக் குளோன் செய்தேன். காதுக்குப் பக்கத்தில் கம்பியின் மேல் தடிப்பாக ஒரு கறை இருந்தது, அதையும் எடுத்துவிட்டேன். இப்போது மடிப்பு எங்கே இருந்தது என்று எனக்கே கண்டுபிடிக்க முடியவில்லை.

ஆனால் ப்ரிண்ட் போட்டு வாங்கினால் திரையில் பார்த்ததைவிட நன்றாகவே இருட்டாக இருக்கிறது. மென்பொருள் பிரச்சினையா?

#29 · பழையலென்ஸ்

அநேகமாக மானிட்டர். வாங்கியபடியே பிரகாசம் முழுதாக வைத்திருப்பீர்கள். திரை தானே ஒளி விடுகிறது, காகிதம் அறையின் வெளிச்சத்தைத் திருப்பி மட்டும் அனுப்புகிறது. நீங்கள் திருத்தும் அறையில் ஒரு வெள்ளைக் காகிதத்தைத் திரைக்குப் பக்கத்தில் பிடியுங்கள். திரையின் வெள்ளை விளக்கு மாதிரி எரிந்தால் பிரகாசத்தைக் குறைத்துக்கொண்டே வாருங்கள், இரண்டும் ஏறக்குறைய ஒத்துப்போகும்வரை. அப்புறம் படத்தைத் திருத்துங்கள். எக்ஸ்போர்ட்டில் எஸ்ஆர்ஜிபி (பெரும்பாலான திரைகளும் ப்ரிண்ட் கடைகளும் எதிர்பார்க்கும் நிற அளவுகோல்) இருக்கிறதா என்றும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

#30 · ஜன்னல்வெயில்

பிரகாசம் 100-இல் இருந்தது. இப்போது 40. கண்ணுக்கும் இதமாக இருக்கிறது. இரண்டாவது ப்ரிண்ட் சரியாக வந்தது.

அதைப் பாட்டியிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். ரொம்ப நேரம் பார்த்தார். மடிப்பு போனதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "கண்ணாடியில நூலு எங்கடா?" என்று கேட்டார்.

தாத்தாவின் கண்ணாடி ஒரு பக்கம் உடைந்து, பாட்டிதான் கறுப்பு நூலைச் சுற்றிக் கட்டிக் கொடுத்திருக்கிறார். புதிதாக மாற்றிக்கொள்ளச் சொல்லியும் மாற்றாமல் கடைசிவரை அதையே போட்டிருந்தாராம். நான் கறை என்று நினைத்துத் துடைத்தது அந்த நூலை.

எக்ஸ்சிஎஃப்பைத் திறந்து, மாஸ்க்கில் கறுப்பைத் தொட்டு, காதுக்குப் பக்கத்தில் மெதுவாகத் தடவினேன். பெரிதாக்கிப் பார்த்தால் மூன்று சுற்று தெரிகிறது.

#31 · கிறுக்கல்

அந்தக் கோப்பை இரண்டு டிஸ்கில் வையுங்கள்.

#32 · எறும்பு

மூன்றில்.